சி.ஆர்.பி. கூடியதற்கு மனக்கவலைதான் காரணமா?

கேள்வி: எனக்கு 44 வயது. மாஸ்டர் செக்கப்பில் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. 4.2 என்று வந்தது. சர்க்கரை, பிரஷர் இல்லை. மூன்று மாதமாக வீட்டில் பிரச்சினை; எதைத் தொட்டாலும் எரிச்சல் வருகிறது. மனசு சரியில்லாததால்தான் உடம்பில் அழற்சி கூடிவிட்டதா?

பதில்: அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எடுத்த எடுப்பில் பழியை மனசின் மேல் போடாதீர்கள் அம்மா.

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம்; அதை நுட்பமாக அளக்கும் ரத்தப் பரிசோதனைதான் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. உடம்பில் எங்கே அழற்சி, அதாவது கிருமி, காயம் போன்றவற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை, இருந்தாலும் அது ஏறும். 3-க்கு மேல் போனால் இதயத்துக்கு நல்லதில்லை என்கிறோம். ஆனால் போன வாரத்துச் சளி, ஈறு வீக்கம், உடல் பருமன், புகைப்பழக்கம் எல்லாமே இதை ஏற்றிவிடும். பல் தேய்க்கும்போது ரத்தம் கசிகிறதா என்று பாருங்கள்; கசிந்தால் முதலில் பல் மருத்துவரிடம் போங்கள். அப்புறம், சளி காய்ச்சல் எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். 10-க்கு மேல் வந்தால் கிருமித்தொற்று எங்கே என்று தேட வேண்டும்.

சரி, மனசுக்கு வருவோம். அழற்சியை அடக்கி வைப்பது கார்டிசால் என்ற ஹார்மோன். ஒருநாள் சண்டையால் பெரிய கெடுதல் இல்லை. மாதக்கணக்கில் கவலை நீடித்தால், நோய் எதிர்ப்பு செல்கள் கார்டிசாலின் சொல் கேட்பதைக் குறைத்துக்கொள்கின்றன. அதனால் அழற்சி அடங்காமல் லேசாக நீடிக்கிறது.

இது எதிர்த்திசையிலும் நடக்கும். பலருக்கும் தெரியாதது இதுதான். காய்ச்சல் கண்ட பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, யாரோடும் பேசாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும். அழற்சியின்போது நோய் எதிர்ப்பு செல்கள் சுரக்கும் சைட்டோகைன்கள் என்ற புரதங்கள் மூளைக்கு அனுப்பும் செய்தியின் விளைவு அது. ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான் (இதுவும் ஒரு சைட்டோகைன்தான்) ஊசி போட்டபோது, அதுவரை நன்றாக இருந்த பலர் மனச்சோர்வில் விழுந்தார்கள். ஆக, உங்கள் எரிச்சலில் ஒரு பங்கு உடம்பிலிருந்தே வந்திருக்கலாம். அது உங்கள் குணக்கேடு இல்லை.

இப்போதைக்குத் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். இரவு 7 மணி நேரமாவது வேண்டும். தினமும் அரை மணி நேரம் நடங்கள். சி.ஆர்.பி. அளவைக் குறைக்க வேண்டும் என்று வலி மாத்திரையோ மஞ்சளில் செய்த கேப்சூலோ வாங்கிப் போட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுப்போயிருந்தால், சி.ஆர்.பி. எத்தனை என்றாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள்.