மேசையில் வைத்த சில்லறை

அன்புள்ள ஐயா,

தஞ்சாவூர்ப் பக்கம் இனிப்பு, காரக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் கல்லாவுக்கு ஆள் தேடினோம். ஓர் இளைஞர் வந்தார். கணக்கில் கெட்டி, பேச்சிலும் பணிவு. ஆனால் இரண்டு கைகளிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி. தின்பண்டக் கடையாயிற்றே, வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று பயந்து, ‘சொல்லி அனுப்புகிறேன்’ என்று அனுப்பிவிட்டேன். மரியாதையாகத்தான் பேசினேன், காபியும் கொடுத்தேன். என் மகளோ ‘உருவுகண்டு எள்ளாமை வேண்டும்’ என்று குறள் சொல்லிக் கோபித்துக்கொண்டாள். நான் எள்ளவில்லையே! பின்கட்டில் பொட்டலம் போடும் வேலை கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

படிக்கிற காலத்தில் மதுரையில் ஒரு மெஸ்ஸில் நான்கு மாதம் சாப்பிட்டேன். கல்லாவில் இருந்தவருக்கு விரல்கள் வெளுத்திருக்கும். மீதிச் சில்லறையை அவர் நீட்டும்போது நான் கை நீட்டமாட்டேன். “அங்க வச்சிருங்கண்ணே” என்பேன். இரண்டாவது வாரத்திலிருந்து நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. என்னைக் கண்டதும் சில்லறையை மேசையில் வைத்துவிட்டு விரல்களை இழுத்துக்கொள்வார். எனக்குப் பின்னால் நிற்பவருக்குக் கையில்தான் கொடுப்பார். அதைப் பார்த்த பிறகும் நான் மாறவில்லை.

நானும் அவரை எள்ளவில்லை. ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டேன். ஆனால் அவர் நல்லவரா, கோபக்காரரா, எந்த ஊர், பிள்ளைகுட்டி உண்டா, எதுவுமே எனக்குத் தெரியாது. நான்கு மாதம் தினம் இரண்டு வேளை பார்த்த மனிதர். அவர் விரல் மட்டும்தான் இன்றைக்கும் என் நினைவில் இருக்கிறது. அதை எண்ணினால் இப்போதும் கூசுகிறது.

வெண்புள்ளி தொற்றாது. தோலுக்கு நிறம் தருகிற அணுக்கள் அங்கங்கே அழிந்துபோவதால் வருவது அது. பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அந்த அணுக்களைத் தாக்கிவிடுகிறது. தொட்டாலோ, கூட உட்கார்ந்து சாப்பிட்டாலோ, அவர் எடுத்துக் கொடுத்த லட்டைத் தின்றாலோ யாருக்கும் வராது. பழைய பெயர்தான் பாதிக் கெடுதலைச் செய்தது. ‘வெண்குஷ்டம்’ என்றே சொல்லிச் சொல்லி, தொழுநோயோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒன்றை அதனோடு முடிச்சுப் போட்டுவிட்டோம். (தொழுநோயே இன்று மருந்தில் முழுதாகக் குணமாகிறது என்பது வேறு விஷயம்.) அந்தப் பெயரை விட்டு ‘வெண்புள்ளிகள்’ என்றே குறிக்கச் சொல்லித் தமிழக அரசு 2010-இல் ஆணை போட்டது. நீங்களும் வெண்புள்ளி என்றே எழுதியிருந்தது மனசுக்கு நிறைவாக இருந்தது.

சரி, குறளுக்கு வருவோம்.

உருவுகண்டு எள்ளாமை வேண்டும் உருள்பெருந்தேர்க்கு
அச்சாணி அன்னார் உடைத்து

வள்ளுவர் இதை இரக்கத்தைப் பேசும் இடத்தில் வைக்கவில்லை. வினைத்திட்பம் என்ற அதிகாரத்தில், 667-ஆவது குறளாக, செயலில் உறுதியைப் பேசும் இடத்தில் வைத்திருக்கிறார். குறளில் வரும் அச்சாணியைத்தான் மாட்டுவண்டிக்காரர்கள் கடையாணி என்பார்கள். நிறுத்தி வைத்த வண்டியில் அது வெறும் இரும்புத் துண்டு. வண்டி உருளும்போதுதான் சக்கரம் கழன்று ஓடாமல் பிடித்து வைத்திருப்பது எது என்று தெரியும். ஒருவருடைய உள்ளத்தை எட்டிப் பார்க்க நமக்கு வழி கிடையாது. வேலையில், நாள்பட்ட பழக்கத்தில்தான் அது வெளியே வரும். அந்தப் பையனுக்குக் காபி கொடுத்தீர்கள், நல்லது. ஆனால் வண்டியில் பூட்டிப் பார்க்கவில்லையே.

பின்கட்டு யோசனை எனக்குச் சம்மதமில்லை. பொட்டலம் போடுவது குறைவான வேலை என்பதால் சொல்லவில்லை. அவர் வந்தது கல்லாவுக்கு, அதற்கான திறமையும் இருக்கிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்புறம் அவரைப் பின்னால் உட்கார வைத்தால், ஒளித்து வைக்கிறோம் என்று அவருக்கும் புரியும், மற்ற வேலையாட்களுக்கும் புரியும்.

ஒன்றிரண்டு பேர் தயங்குவார்கள், உண்மைதான். யாராவது கேட்டால் முதலாளி நீங்களே, “அது தொற்றாதுங்க, எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி” என்று அந்த இளைஞர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அவர் கையிலிருந்து சில்லறையை நீங்கள் உள்ளங்கையில் வாங்குவதை நாலு பேர் பார்க்கட்டும்.

சேர்த்துக்கொண்ட பிறகு கணக்கில் தப்பு செய்தால் கண்டியுங்கள். சரிப்படவில்லையென்றால் மற்றவர்களை அனுப்புவது போலவே அனுப்புங்கள். வெண்புள்ளி இருப்பதால் அவர் கூடுதலாக நல்லவராக இருந்தாக வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு மாதம்தான் ஆகிறது. அவருடைய போன் நம்பர் இன்னும் உங்களிடம் இருக்கும். இன்றைக்கே கூப்பிடுங்கள்.

அன்புடன்