டீம் கேம்ஸ் கேள்வி-பதில்: யார் ஜெயிச்சாங்கன்னு மட்டும் எழுதி அனுப்பாதீங்க

கேள்வி: எங்க ஊர்ல மார்ஷ்மெல்லோ கிடைக்கல, அதனால தெர்மாகோல் உருண்டை வச்சு அந்த ஸ்பகெட்டி டவர் கேம் (ஸ்பகெட்டி குச்சி, டேப், நூல் வச்சு 18 நிமிஷத்துல டவர் கட்டி, உச்சில மார்ஷ்மெல்லோங்கற பஞ்சு மிட்டாய் மாதிரி இனிப்பை வைக்கணும்) நடத்தினோம். எல்லா டீமும் நிக்க வச்சுட்டாங்க. எங்க மேனேஜர்ஸ் டீம் ஒர்க்ல ஸ்ட்ராங்னு எடுத்துக்கலாமா?

பதில்: எடுத்துக்கக் கூடாது. அந்த கேமோட உயிரே மார்ஷ்மெல்லோவோட வெயிட்லதான் இருக்கு. கைல எடுத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், 17 நிமிஷம் பிளான் போட்டு டவர் கட்டிட்டு 18-வது நிமிஷம் மேல குத்தி வச்சா மொத்தமும் சாயும். இந்த கேமைப் பல டீம்களோட நடத்திப் பாத்த டாம் வூஜெக் 2010-ல டெட் (TED) பேச்சு மேடைல சொன்னாரே, எம்பிஏ படிக்கிற பசங்களை விட கேஜி குழந்தைங்க உசரமா கட்டறாங்கன்னு, காரணம் என்ன? குழந்தைங்க ஆரம்பத்துலேர்ந்தே மார்ஷ்மெல்லோவை மேல வச்சு வச்சுப் பாக்குது, விழுந்தா மாத்திக் கட்டுது, யார் லீடர்னு அடிச்சுக்கறதும் இல்ல. பெரியவங்க டெஸ்டிங்கை கடைசிக்குத் தள்ளறாங்க. அந்தப் பாடத்தைத்தான் நீங்க தெர்மாகோல் வச்சு தூக்கிட்டீங்க. ஆன்லைன்ல ஒரு பாக்கெட் இருநூறு முந்நூறு ரூபாதான் இருக்கும், வாங்கி திரும்ப நடத்துங்க.

கேள்வி: ஜெயிக்கற டீமுக்கு பெரிய பரிசு வச்சா ஆர்வமா விளையாடுவாங்களா?

பதில்: வேண்டாம். அதே வூஜெக் பத்தாயிரம் டாலர் மதிப்புக்கு சாஃப்ட்வேர் பரிசுன்னு அறிவிச்சுப் பாத்தார், பத்து டீம்ல ஒரு டவர் கூட நிக்கல. பால்கோவா டப்பா போதும், அதுவும் எல்லாருக்கும்.

கேள்வி: நாசா நிலா கேம் (நிலால மாட்டிக்கிட்டா கைல இருக்கற பதினஞ்சு பொருளை எது முக்கியம்னு முதல்ல தனியா, அப்புறம் குரூப்பா வரிசைப்படுத்தணும்) நடத்தினோம். குரூப் ஸ்கோர் 44, ஆனா அந்த குரூப்ல இருந்த அக்கவுண்ட்ஸ் பொண்ணோட தனி ஸ்கோர் 24. இது நல்லதா கெட்டதா?

பதில்: இதுல ஸ்கோர்ங்கறது நாசா வரிசையிலேர்ந்து எவ்வளவு விலகினீங்கங்கறதுதான், கம்மியா இருந்தாதான் நல்லதுன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்கன்னு நம்பறேன். அதாவது விடை தெரிஞ்ச ஆள் உங்க டேபிள்லயே உக்காந்திருந்தாங்க, நீங்க கேக்கல. பதினஞ்சு பொருள்ல ஆக்சிஜன் முதல்ல, தண்ணி ரெண்டாவது, தீப்பெட்டி கடைசி, திசைகாட்டி அதுக்கு முந்தினது, இந்த வரிசை எனக்கும் மனப்பாடம் உங்களுக்கும் மனப்பாடம் ஆயிடும், அதுல விஷயம் இல்ல. அந்தப் பொண்ணு எத்தனை தடவை வாயைத் திறந்தாங்க, "நிலால காந்தப்புலம் கிடையாது சார், திசைகாட்டி எதுக்கு"ன்னு சொன்னப்போ யார் குறுக்கே பேசினாங்க, எப்போ "சரி விடுங்க"ன்னு பேசறதையே நிறுத்தினாங்க? இதை ஒருத்தர் உக்காந்து குறிச்சு வச்சிருந்தா உங்க லெட்டர்ல எழுதியிருப்பீங்க. குரூப்புக்கு ஒரு ஆள், விளையாடாம பாத்துக் குறிக்க மட்டும், கண்டிப்பா வைங்க. ஆனா அந்தக் குறிப்பை அப்ரைசல்ல மட்டும் சேர்க்காதீங்க.

கேள்வி: எங்க டீம் கேம்ல ஃபெயில் ஆயிடுச்சு, என்ன பண்ணலாம்? அர்ஜண்ட்.

பதில்: எந்த கேம், எத்தனை பேரு, என்ன நடந்துச்சு, ஒண்ணும் இல்ல. எழுதிட்டு அர்ஜண்ட்னு போடுங்க.

கேள்வி: மேனேஜர்ஸ் 40 பேரை ஈசிஆர் ரிசார்ட்டுக்கு கூட்டிட்டுப் போறோம். பத்து மணிலேர்ந்து ஒரு மணிக்குள்ள நாலு கேம் முடிக்கணும், அப்புறம் லஞ்ச், டிஜே. எந்த நாலு கேம் நல்லாருக்கும்?

பதில்: இந்த லெட்டர் ஏதோ ஒரு வடிவத்துல எனக்கு எப்பவும் வந்துக்கிட்டே இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லிடறேன். மூணு மணி நேரத்துல நாலு கேம்னா ஒரு கேமுக்கு முக்கால் மணி, அதுல ரூல்ஸ் சொல்ல, குரூப் பிரிக்க, சாமான் குடுக்க கால் மணி போச்சு, விளையாட அரை மணி, பேச எங்க நேரம்? எனக்குத் தெரியும் என்ன நடக்கும்னு. விசில் அடிச்சதும் எம்டி மைக்கை வாங்கி "ஸோ, டீம் ஒர்க் ரொம்ப முக்கியம்"னு ரெண்டு நிமிஷம் பேசுவார், கைதட்டு, குரூப் போட்டோ, அடுத்த கேம். திங்கக்கிழமை அதே மீட்டிங்ல அதே ரெண்டு பேர்தான் பேசிட்டிருப்பாங்க. நாலு கேமை ஒண்ணாக்குங்க. கேம் அரை மணின்னா டீப்ரீஃப், அதாவது விளையாடினதைப் பத்தி உக்காந்து பேசறது, ஒரு மணி. அந்த ஒரு மணி நேரத்துல முதல்ல "என்ன நடந்துச்சு"ன்னு மட்டும் கேளுங்க, "ஏன்"னு ஆரம்பிச்சா உடனே பழி போட ஆரம்பிச்சிடுவாங்க. ஜூனியரை முதல்ல பேச விடுங்க, எம்டி கடைசி, முடிஞ்சா எம்டி அந்த ரூம்லயே வேணாம். ஹார்வர்ட் பேராசிரியை ஏமி எட்மண்ட்சன் 90-கள்ல ஆஸ்பத்திரி டீம்களைப் பாத்தப்போ நல்ல டீம்லதான் மருந்துத் தப்பு அதிகமா கணக்குல வந்துச்சு, அவங்க அதிகமா தப்பு பண்ணல, பயமில்லாம சொன்னாங்க, அதான் அவங்க எடுத்த முடிவு. பெரிய ஐயா நாற்காலி போட்டு உக்காந்திருந்தா யாரு சார் "நான்தான் டேப்பை வேஸ்ட் பண்ணேன்"னு சொல்லுவாங்க? கடைசியா "இது நம்ம ஆபீஸ்ல எந்த மீட்டிங்ல நடக்குது"ன்னு கேளுங்க, மீட்டிங் பேரோட பதில் வரணும், பொத்தாம் பொதுவா "கம்யூனிகேஷன் கேப்"னு சொன்னா விடாதீங்க. டிஜே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல.

கேள்வி: டிரஸ்ட் ஃபால் (ஒருத்தர் பின்பக்கமா சாய, மத்தவங்க பிடிக்கறது) வைக்கலாமா?

பதில்: வேண்டாம். இடுப்பு உடைஞ்சா நம்பிக்கை வளராது.

கேள்வி: ஓசூர்ல ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி. பீர் கேம் நடத்த ஆசை, ஆனா எம்டிக்கு பேரே பிடிக்கல.

பதில்: சோடா கேம்னு மாத்திக்கங்க, இதை உருவாக்கின எம்ஐடில யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஃபேக்டரின்னு வரிசையா டேபிள், ஒவ்வொண்ணும் அடுத்த டேபிளுக்கு ஆர்டர் மட்டும் போடணும், பேசக் கூடாது. உங்க தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமா ஒண்ணு கிடையாது. கஸ்டமர் ஆர்டர் 4-லேர்ந்து 8 ஆகும், ஒரே ஒரு தடவை, அப்புறம் மாறவே மாறாது. அதுக்கே ஃபேக்டரி டேபிள் வர்றதுக்குள்ள ஆர்டர் 30, 40-னு எகிறிடும், அப்புறம் சரக்கு குமிஞ்சு கிடக்கும். முடிஞ்சதும் ஃபேக்டரி ஆளை "கஸ்டமர் எப்படி ஆர்டர் பண்ணியிருப்பார், வரைங்க"ன்னு சொல்லுங்க, மலையும் பள்ளமுமா வரைவார். அப்புறம் நிஜத்தைக் காட்டுங்க, ஒரே ஒரு படி. ரூமே அமைதியாயிடும். பழி போட கஸ்டமரும் இல்ல, பக்கத்து டேபிளும் இல்ல, சரக்கு வர எடுக்கற தாமதமும், அவங்கவங்க டேபிளை மட்டும் பாத்து முடிவெடுத்ததும்தான் காரணம்.

கேள்வி: எங்க சேல்ஸ் மேனேஜர்ஸ் தன் டார்கெட் முடிஞ்சா பக்கத்து ஏரியாவை எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கறாங்க. இதுக்கு ஏதாவது கேம்?

பதில்: உடைஞ்ச சதுரங்கள். அஞ்சு பேர், வெட்டின அட்டைத் துண்டுகளைக் கலந்து பிரிச்சுக் குடுப்போம், ஆளுக்கு ஒரு சதுரம் சேர்க்கணும், பேசக் கூடாது, துண்டைக் கேட்டு வாங்கக் கூடாது, குடுக்கலாம். ஒருத்தர் சீக்கிரம் முடிச்சு கையைக் கட்டிட்டு உக்காருவார், ஆனா அவர் போட்ட சதுரம் இருக்கற வரைக்கும் மத்த நாலு பேரால முடிக்கவே முடியாது, அவர் தன்னோடதைக் கலைச்சாகணும். உங்க ஆள் யாருன்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும். தெரிஞ்சா மனசோட வச்சுக்கங்க, அப்ரைசல்ல எழுதாதீங்க, திரும்பச் சொல்றேன்.

கேள்வி: குரூப்புக்கு எத்தனை பேர்?

பதில்: அஞ்சு, மிஞ்சினா ஆறு. எட்டு போட்டா ரெண்டு பேர் போன் பாப்பாங்க.

கேள்வி: மார்ச் கடைசி வாரம் நடத்தலாமா? பட்ஜெட் லாப்ஸ் ஆயிடும்.

பதில்: பணத்தை மார்ச்ல கட்டுங்க, நிகழ்ச்சியை ஏப்ரல் பத்துக்கு மேல வைங்க. வருஷக் கணக்கு க்ளோசிங் நேரத்துல எவனும் ஸ்பகெட்டிய தொட மாட்டான். வெளில புல்வெளில வைக்கப் போறதா இருந்தா ஏப்ரல் வெயில்ல அதுவும் வேணாம், ஜூலைக்குத் தள்ளுங்க.