பனியில் சின்னப் பிள்ளைகள்: கிறிஸ்துமஸ் பயணம் போகிறவர்களுக்குப் பதில்கள்

கிறிஸ்துமஸுக்குப் பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற நம் புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் குடும்பங்கள் கேட்டவை இவை. என் பிள்ளைகள் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து ஊரான கிரெனோபிளில் பனியில் உருண்டு வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

லாஸ்பேட்டை: அக்கா, 20ஆம் தேதி பாரிஸ் போய்ச் சேருகிறோம். பிள்ளைகளுக்குப் பனி காட்ட முடியுமா?

பாரிஸில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பனி விழுவது அபூர்வம் தம்பி. குளிரும் தூறலும்தான் கிடைக்கும். பனி பார்த்தே ஆகணும் என்றால் மலை ஏறுங்கள். கிரெனோபிள் ஊர் சுமார் 200 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. தெருவில் பனியே இல்லாத நாளிலும் பக்கத்து ஷாம்ரூஸ் மலையில் பெரும்பாலும் இருக்கும். 1968 குளிர்கால ஒலிம்பிக்கின் மலைச்சறுக்குப் பந்தயங்கள் நடந்த இடம். கிரெனோபிளிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஐந்து மணிக்குள் இருட்டிவிடும் என்பதால் விளையாட்டை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பம்: மூன்று வயதும் ஐந்து வயதும். ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் வாங்கியாச்சு. போதுமா மேடம்?

குல்லா சரி, ஸ்வெட்டர் மட்டும் போதாது. உள்ளே பருத்தி பனியனும் வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே உடம்பில் ஒட்டிக் கிடக்கும். உடம்போடு ஒட்டிய கம்பளி அல்லது செயற்கை நூல் உடுப்பு, அதன் மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர் புகாத முழு உடுப்பு. இதற்கெல்லாம் முன்னால் பாத்ரூம் போக வையுங்கள். ஜிப் போட்டு முடித்த நொடியில்தான் சின்னவனுக்கு ஒன்றுக்கு வரும்!

கைக்கு விரல் பிரியாத உறைதான் நல்லது, விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். உறையின் வாய் சட்டைக் கைக்குள் போகணும். மணிக்கட்டில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டாலும் பனி அங்கே புகுந்து உருகி, பத்தே நிமிடத்தில் அழுகை ஆரம்பமாகிவிடும். பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸைத் திணிக்காதீர்கள்; இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் ஜில்லிடும். எல்லாம் புதிதாக வாங்க வேண்டியதில்லை. அங்கே பிள்ளை வளர்த்த வீட்டில் பழையது நிச்சயம் கிடக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

இவ்வளவு உடுத்திவிட்டு வெளியே எவ்வளவு நேரம் என்றால், அந்த வயதுக்கு அரை மணிதான். அதற்கு மேல் ஆசைப்படுவது பெரும்பாலும் போட்டோ எடுக்கிற அப்பாக்கள்.

வில்லியனூர்: பேத்தியின் கை சிவந்து வலித்தால் வெந்நீரில் முக்கலாமா அம்மா?

கூடாது ஐயா. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். பரபரவென்று தேய்க்கவும் வேண்டாம். உள்ளே கூட்டி வந்து ஈர உறையைக் கழற்றி, அந்தக் கையை உங்கள் அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் 37 முதல் 39 டிகிரிக்குள். சிவப்புக்குப் பயப்பட வேண்டாம். வெளுத்து விறைத்து, தொட்டாலும் தெரியவில்லை என்றால் அவசர உதவி எண் 112ஐக் கூப்பிடுங்கள்.

முத்தியால்பேட்டை: பனியைத் தின்றால் ஜுரம் வருமா?

ஜுரம் பெரும்பாலும் வைரஸ் மாதிரிக் கிருமிகளால் வருவது. புதிதாக விழுந்த வெள்ளைப் பனியில் ஒரு வாய் பரவாயில்லை. மஞ்சளாக இருந்தால் நாய் வந்து போன இடம்.

திருப்பாதிரிப்புலியூர்: பிள்ளையைக் காரில் குளிர் கோட்டோடு உட்கார வைக்கலாமா?

கழற்றிவிடுங்கள். மோதினால் உப்பிய கோட் அமுங்கி, பெல்ட் தளர்ந்துவிடும். பெல்ட்டை மாட்டிவிட்டு கோட்டை மேலே போர்த்துங்கள். பத்து வயது வரை குழந்தை இருக்கை அங்கே சட்டம், சொந்தக்காரரிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள்.

நெல்லித்தோப்பு: நாங்கள் எங்கும் போகவில்லை. ஆனால் மகள் பனி கேட்கிறாள்!

சமையல் சோடாவில் துளித்துளியாகத் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். கைக்கு ஜில்லென்று இருக்கும், உருண்டையும் பிடிக்கலாம். வாயில், கண்ணில் படாமல் பக்கத்திலேயே இருங்கள். குடிலுக்குப் பஞ்சு பரப்பினால் சீரியல் பல்பில் ஒட்டாமல் தள்ளி வையுங்கள்.