மேஜர் குசனாகி மனிதரா, இயந்திரமா?

"கோஸ்ட் இன் த ஷெல் (1995) பார்த்தேன். குசனாகிக்கு மூளையைத் தவிர மற்றதெல்லாம் இயந்திரம். அப்புறம் எப்படி அவர் மனிதர்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஜப்பானிய அனிமேஷன் படமான அதன் நாயகி குசனாகி, சிறப்புக் காவல் பிரிவு ஒன்றின் மேஜர். அவர் பேசும் வசனங்களுக்குள்ளேயே விடையைத் தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குப்பை லாரிக்காரர் வரும் இடத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.

விவாகரத்து கேட்கும் மனைவி, தேவதை மாதிரி சிரிக்கும் மகள் என்று வேலையில் கூட இருப்பவரிடம் போட்டோவை எடுத்துக் காட்டுவார். போலீஸில் பிடிபட்ட பிறகு அதே போட்டோவை அவரிடமே காட்டுகிறார்கள். அதில் அவரைத் தவிர வேறு மனிதர் கிடையாது. மனைவி, மகள் எல்லாம் மூளைக்குள் யாரோ ஏற்றிவிட்டது. இத்தனைக்கும் உடம்பு முழுக்க இயந்திரமானவர் இல்லை அவர். நினைவுதான் ஆள் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

இதைப் பார்த்துவிட்டு லிஃப்ட் காட்சிக்குப் போங்கள். 'உனக்கு மூளை இருக்கிறது, எல்லோரும் உன்னை மனுஷியாகத்தான் நடத்துகிறார்கள்' என்கிறார் கூட வேலை பார்க்கும் பாட்டோ. 'தன் மூளையைத் தானே பார்த்தவர் யார்?' என்று திருப்பிக் கேட்கிறார் குசனாகி. அவருக்கு இல்லாதது ஆத்மா என்று நான் சொல்லமாட்டேன். அத்தாட்சிதான் இல்லை. அது நமக்கும் இல்லை. படகுக் காட்சியில் இன்னொரு சிக்கலும் வருகிறது: வேலையை விட்டால் உடம்பை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். தத்துவம் பேசுகிறவர்கள் இந்தச் சொத்துத் தகராறை ஏன் கண்டுகொள்வதே இல்லை என்று தெரியவில்லை.

'படத்துக்கு மூலமான மங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதையில்) அப்படி இல்லையே' என்று யாராவது வருவார்கள். மசமுனே ஷிரோவின் மங்கா கலகலப்பானது, தெரியும். நான் பேசுவது மமோரு ஓஷியி எடுத்த படத்தை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு வயிற்றெரிச்சல்: ஒருவருக்குள் இருக்கும் 'நான்' என்ற உணர்வைப் படம் 'கோஸ்ட்' என்கிறது; சப்டைட்டிலில் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் 'ஆன்மா' என்று போட்டுவிடுகிறார்கள். 'இயந்திரத்துக்குள் பேய்' என்பது உடல் வேறு மனம் வேறு என்பவர்களைக் கிண்டல் செய்ய 1949இல் தத்துவவாதி கில்பர்ட் ரைல் உண்டாக்கிய தொடர். 1967இல் எழுத்தாளர் ஆர்தர் கோஸ்ட்லர் அதையே புத்தகத் தலைப்பாக்கினார். ஷிரோ அங்கிருந்துதான் எடுத்தார். 'ஆன்மா' என்றதும் நமக்கு மறுபிறவி, மோட்சம் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். படத்தின் கடைசியில் பப்பட் மாஸ்டர் (மனித மூளைகளை ஹேக் செய்யும், தன்னுணர்வு பெற்ற கணினி நிரல்), வெறும் நகல் எடுத்தால் ஒரே வைரஸ் அத்தனையையும் அழித்துவிடும், அதனால் எனக்குப் பிள்ளையும் வேண்டும் சாவும் வேண்டும் என்று கேட்கிறது. அழியாத ஆன்மா உள்ளே இருந்தால் அது ஏன் சாவைக் கேட்கப்போகிறது?