பள்ளி வாசலில் விற்கும் சிப்ஸைத் தடுக்க முடியுமா?

கேள்வி: என் மகன் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஒரே வருஷத்தில் உடம்பு நன்றாகப் போட்டுவிட்டது. வீட்டில் எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்திவிட்டோம். ஆனால் பள்ளி கேன்டீனில் பப்ஸ், வாசலைத் தாண்டினால் சிப்ஸ், கூல்டிரிங்ஸ். பள்ளியில் கேட்டால், "பிள்ளையை நீங்கதான் கண்டிக்கணும்" என்கிறார்கள். இதற்கு விதிமுறை ஏதும் கிடையாதா?

பதில்: இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பள்ளிக் குழந்தைகளுக்கென்றே 2020-ல் விதிகள் வெளியிட்டது. நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சேர்த்த சர்க்கரை, உப்பு ஆகியவை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்தில் மாணவர்களுக்கு விற்கக் கூடாது. பள்ளி வாசலில் இருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் 50 மீட்டருக்குள்ளும் கூடாது. அதனால் பள்ளி உங்களைக் கைகாட்டிவிட்டு ஒதுங்க முடியாது.

தனியாகப் போய் நிற்காதீர்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் நாலைந்து பேர் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் மனு கொடுக்கலாம். நெல்லை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். "ஜங்க் ஃபுட் விற்கிறார்கள்" என்று பொதுவாக எழுதினால் கிடப்பில் போய்விடும். என்ன பண்டம், எந்த இடம், வாசலில் இருந்து எத்தனை மீட்டர், எந்த நேரம் என்று எழுதி, போட்டோவும் வையுங்கள். வாசல் கடைக்காரரிடமும் பேசுங்கள், அவருக்கும் பிழைப்பு ஓட வேண்டும். சுண்டல், அவித்த கடலை, மோர், அந்தந்த சீசனில் பனங்கிழங்கு, நுங்கு விற்றால் பிள்ளைகளிடம் காசு கொடுத்து அனுப்புகிறோம் என்று பெற்றோர் சொன்னால் அவர் யோசிப்பார்.

அப்புறம், கூல்டிரிங்ஸை நிறுத்திவிட்டு டப்பா மாம்பழ ஜூஸ் வாங்கித் தருகிற வீடுகள் நிறைய. அதிலும் சர்க்கரைதான். இதில் நம் வரிக்கொள்கை மேல் எனக்கு மனக்குறை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் கேஸ் அடைத்த பானங்களுக்கு 40 சதவீத ஜி.எஸ்.டி., கேஸ் இல்லாத பழச்சாறு பானங்களுக்கோ வெறும் 5. சர்க்கரை எவ்வளவு என்று வரி பார்ப்பதே இல்லை. சர்க்கரை இல்லாத கோலாவுக்கும் அதே 40தான். பிரிட்டனில் 2018-ல் சர்க்கரையின் அளவை வைத்தே வரி போட்டார்கள். 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழே என்றால் வரி இல்லை. வரிக்குப் பயந்து கம்பெனிகளே சர்க்கரையைக் குறைத்தன, வாங்குகிறவர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மெக்சிகோவில் 2014-ல் சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ (அந்த நாட்டுக் காசு) வரி வந்தது. அந்த முதல் வருஷமே அவற்றின் விற்பனை சுமார் 6 சதவீதம் குறைந்தது. இங்கேயும் சர்க்கரையைப் பார்த்து வரி போட வேண்டும் என்றுதான் நான் விடாமல் சொல்லி வருகிறேன். அது வரும்வரை டப்பாவின் பின்பக்கம் 'சேர்த்த சர்க்கரை' என்று போட்டிருக்கும் இடத்தைப் படியுங்கள்.

உங்கள் பையன் மேல் மட்டும் பழி போடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆய்வில் பெண்களில் 30.9தான். சில வருஷங்களில் இத்தனை பேருக்கு ஒன்றாக மனக்கட்டுப்பாடு போய்விடாது. சுற்றியிருக்கும் சாப்பாடு மாறியிருக்கிறது.

வீட்டில் அல்வாவைத் தடை செய்ய வேண்டாம், விசேஷத்துக்குக் கொஞ்சம் சாப்பிடட்டும். ராத்திரி பரோட்டாவும், தட்டு நிறையச் சோறும்தான் கவனிக்க வேண்டியவை. சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் பயறு, காய், மீன் அல்லது முட்டை வையுங்கள். உளுந்தம்பருப்புச் சோறு செய்கிற நாளில் பருப்பை ஒரு கை கூடப் போடலாம். வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடுவதும், எடை குறைக்கும் பவுடர் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று பார்க்கிற, பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. கணக்கை அவனுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற தனி வளர்ச்சி வரைபடம் உண்டு. குழந்தை மருத்துவரிடம் அது இருக்கும். கழுத்தின் பின்புறமோ அக்குளோ கருத்துத் தடித்திருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம். அழுக்கு என்று தேய்த்துக்கொண்டிருக்காமல், ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவில் காட்டி, ரத்தச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.