புரொசசரில் பிறவிப் பிழையா? போர்டை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பாவித்த ஐ7-6700 கணினி ஒன்றை இரண்டு வருடங்களுக்கு முன் வாங்கினேன். இரண்டு மாதமாக எக்செல் வேலையின் நடுவே அப்படியே உறைந்துவிடுகிறது. மவுஸ்கூட அசையாது. பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டியிருக்கிறது. பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்காரர், “இந்த ரகப் புரொசசரில் பிறவிப் பிழை இருக்கிறது, மதர்போர்டோடு சேர்த்து மாற்றினால்தான் சரிவரும்” என்று 90,000 ரூபாய் கேட்கிறார். அப்படி ஒரு பிழை உண்மையிலேயே இருக்கிறதா?

பதில்: இருந்தது. ஆனால் உங்கள் கணினி உறைவதற்கு அதுதான் காரணம் என்று நான் நம்பவில்லை. இப்போதைக்கு அந்தக் கடைக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கடைக்காரர் அரைகுறையாகச் சொன்ன கதையை முழுதாகச் சொல்கிறேன். கிம்ப்ஸ் என்று ஒரு தன்னார்வக் கூட்டம் உண்டு. 1996 இல் ஜோர்ஜ் வோல்ட்மன் என்பவர் தொடங்கியது. 2ஐ 2ஆல் திரும்பத் திரும்பப் பெருக்கி, அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் பிரமாண்டமான எண்களுக்குள் முதன்மை எண்களைத் தேடுகிறார்கள். உலகெங்கும் சாதாரண ஆட்கள் தங்கள் வீட்டுக் கணினியின் ஓய்வு நேரத்தை இதற்குக் கொடுக்கிறார்கள். பிரைம்95 என்ற அவர்களுடைய மென்பொருள் புரொசசரைப் பிழிந்து எடுக்கும். ஒரு கணினி உறுதியானதா என்று பார்க்க நாங்களும் அதைத்தான் ஓட்டுகிறோம்.

உங்களுடைய ஐ7-6700 புரொசசர், இன்டெல் கம்பனியின் ஸ்கைலேக் என்ற குடும்பம், 2015 இல் வந்தது. அந்தப் புதுப் புரொசசர்களில் பிரைம்95 ஐ ஓட்டியவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். 14,942,209 என்ற அடுக்கை (2ஐ எத்தனை தடவை பெருக்குவது என்ற எண்ணை) வைத்துக் கணக்குப் போடும்போது கணினி உறைந்துவிடுகிறது. அந்த ஆட்கள் உடனே புரொசசரைக் குற்றம் சொல்லவில்லை, இதைக் கவனியுங்கள். ஒருவரிடம் ஒரு கம்பனியின் போர்டு, இன்னொருவரிடம் வேறொன்று. ரேம் நினைவகமும் வேறு, பவர் சப்ளையும் வேறு. எல்லாவற்றிலும் அதே கணக்கு, அதே உறைவு. பழைய தலைமுறை புரொசசரில் அதே கணக்கு ஒழுங்காக ஓடுகிறது. ஒரு கோரை, அதாவது புரொசசருக்குள் கணக்குப் போடும் ஒரு பகுதியை, இரண்டு போல வேலை வாங்கும் ஹைப்பர் த்ரெடிங்கை நிறுத்தினால் உறைவு இல்லை. இப்படி மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் இன்டெலிடம் போனார்கள். 2016 ஜனவரியில் இன்டெல் ஒப்புக்கொண்டது, கணினியைப் போட்டதும் முதலில் ஓடும், போர்டில் பதிந்த பயாஸ் என்ற மென்பொருள் வழியாகத் திருத்தமும் தந்தது. யாரும் புரொசசரைக் கழற்றி எறியவில்லை.

1994 இல் நிலைமை வேறு. கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி இரட்டை முதன்மை எண்களை ஆராயும்போது பென்டியம் புரொசசர் வகுத்தலில் தவறுவதைக் கண்டுபிடித்தார். அது சில்லுக்குள்ளேயே பதிந்த பிழை, மாற்றித்தான் ஆக வேண்டும். இன்டெலுக்கு 47.5 கோடி டொலர் செலவு. அந்தப் பழைய கதையையும் 2016 கதையையும் சேர்த்துக் குழப்பித்தான் இன்று போர்டு விற்கிறார்கள்.

திருத்தம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் உங்களை ஏமாற்ற முடியாது. அந்தத் திருத்தம் வந்தது மைக்ரோகோட்டாக, அதாவது புரொசசருக்குக் கொடுக்கும் சிறு கட்டளைத் தொகுப்பாக. கணினியை அணைத்தால் அது போய்விடும். ஒவ்வொரு முறை போடும்போதும் போர்டில் உள்ள பயாஸ் அதைத் திரும்ப ஏற்றுகிறது. ஆகவே “புரொசசரை புரோகிராம் பண்ணித் தருகிறோம்” என்று யாராவது காசு கேட்டால் அது பச்சைப் பொய். இன்னொன்று: கடைக்காரர் உங்கள் புரொசசரை வைத்துக்கொண்டு, பழைய சரக்கில் கிடந்த 2015 போர்டு ஒன்றை மாட்டிவிட்டால், பழைய பயாஸோடு அந்தப் பிழையும் திரும்பி வரலாம். காசு கொடுத்துப் பிழை வாங்கின கதையாகிவிடும்.

உங்கள் பயாஸைப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பயாஸ் வெர்ஷன் என்ற வரியில் ஒரு திகதி இருக்கும். 2017 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் திருத்தம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அந்தக் கவலையை விடுங்கள். முந்தியது என்றால் கணினியைத் தயாரித்த கம்பனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பயாஸ் இலவசமாகக் கிடைக்கும். யூபிஎஸ் இல்லாமல் மட்டும் அதை ஏற்றாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடும்.

சரி, அப்போ உறைவது ஏன்? முதலில் ரேம். நீங்கள் இருப்பது கடற்கரைப் பக்கம், உப்புக்காற்று சும்மா இருக்காது. போன மாதம் தெஹிவளையிலிருந்து வந்த ஒரு கணினியைத் திறந்தேன். ரேமின் பொன்னிறப் பற்களில் மங்கலாகப் பாசி பிடித்தது போல ஒரு படலம். பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து மாட்டினேன், உறைவு நின்றுவிட்டது. அதே கணினியில் புரொசசரின் வெப்பத்தட்டுக்கடியில் பூசியிருந்த பசை, வெற்றிலைப் பெட்டியில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. இவை சில நூறு ரூபாய் சமாச்சாரம். ரேம் இரண்டு இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் வேலை செய்யுங்கள், பிறகு மற்றதை. கிம்ப்ஸ் ஆட்கள் செய்ததும் இதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பார். அப்புறம் ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை.

திருத்தம் போட்டால் போதும் என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்குப் புதிது விற்கப் பார்ப்பவர் இதில்தான் கைவைப்பார். இன்டெலின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசசர்களில், ஐ7, ஐ9 வகைகளும் கே என்ற எழுத்து வரும் ஐ5 வகைகளும் அளவுக்கு மீறிய வோல்டேஜால் நாளடைவில் தேய்ந்துபோகக்கூடியவை என்று தெரியவந்தது. 2024 ஓகஸ்டில் இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் கொடுத்தது. இங்கேதான் வித்தியாசம். ஸ்கைலேக்கில் திருத்தம் போட்டால் பிழை மறைகிறது. இதிலோ திருத்தம் இனிமேல் வரும் சேதத்தைத்தான் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்த சில்லு தேய்ந்ததுதான். “பயாஸ் அப்டேட் பண்ணியாச்சு, பிரச்சினை இல்லை” என்று பாவித்த 13900கே ஒன்றை யாராவது நீட்டினால் தொடாதீர்கள். பெட்டியோடு வந்த புரொசசருக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு வருடம் கூட்டி ஐந்து வருடமாக்கியது. பெட்டியில்லாமல் ட்ரேயில் வருவதற்கு விற்ற கடைதான் பொறுப்பு. கடை நாளைக்கு இருக்குமா என்பது வேறு கேள்வி. இடைத்தரகர்கள் மலிவாகத் தருவது பெரும்பாலும் இந்த ட்ரே சரக்கைத்தான்.

முறையிடலாமே என்பீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுக்கலாம், ஆனால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடு என்கிறது. புரொசசர் தேய்ந்து காட்டிக்கொடுக்க ஒரு வருடம் எடுத்தால் அந்த மூன்று மாதத்தை வைத்து என்ன செய்வது? சட்டத்தை எழுதியவர்கள் பாணையும் பருப்பையும் நினைத்து எழுதியிருக்கிறார்கள். இதை எத்தனையோ பேருக்கு வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒருவர் 16 ஜிபி ரேமோடு கொடுத்த கணினி 8 ஜிபியோடு திரும்பி வந்தது. அவரிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. ரேம் எத்தனை, டிஸ்க் எது என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். உங்கள் வாடிக்கையாளர்களின் கணக்கு இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

பயாஸ் திகதியையும், ஒவ்வொரு ரேமாகப் போட்டுப் பார்த்தபோது என்ன நடந்தது என்பதையும் எனக்கு எழுதுங்கள். பயாஸ் புதிது, ரேமும் சுத்தம், அப்படியும் உறைகிறது என்றால் பவர் சப்ளையை அடுத்து பார்ப்போம்.