படிக்கட்டு வரைக்கும் போயிட்டு திரும்பி வரணுமா? – வாசகர் கேள்வி பதில்

பழைய கோட்டை, குகைக்கோயில், இடிபாடுங்க பாக்கப் போறதப் பத்தி வந்த கேள்விகள இந்த தடவ ஒண்ணா எடுத்துக்கிட்டேன். நானும் ஒரு விபத்துக்கப்புறம் 16 வருஷமா வீல்சேர்லதான் ஊர் சுத்துறேன், அதனால கேள்வி ஒவ்வொண்ணும் எனக்கே கேட்ட மாதிரிதான் இருந்துச்சு.

கேள்வி: எங்க அம்மாவுக்கு 71 வயசு, பக்கவாதம் வந்ததுல இருந்து வீல்சேர். மாமல்லபுரம் பாக்கணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டே இருக்காங்க. "அங்க பூரா மண்ணும் பாறையும், கூட்டிட்டுப் போயி அம்மாவ கஷ்டப்படுத்தாத"ன்னு தங்கச்சி தடுக்குறா. போலாமா? – வாசகி, சேலம்

கண்டிப்பா கூட்டிட்டுப் போங்கம்மா. தங்கச்சி சொல்றதுல பாதி உண்மை இருக்கு, ஆனா அந்த பாதிக்காக மீதிய விட்றக் கூடாது.

மொதல்ல அர்ச்சுனன் தபசுக்குப் போங்க, பெரிய பாறைல செதுக்கின சிற்பம், அது ரோட்ட ஒட்டியே இருக்கு, டிக்கெட் கிடையாது, படி கிடையாது, கார்ல இருந்து எறக்கி நேரா கம்பி வேலி வரைக்கும் வண்டிய தள்ளிட்டுப் போயிடலாம். நின்னு பாக்குறவங்களுக்கு மேல பறக்குற கந்தர்வருங்க மேலதான் கண்ணு போகும், ஆனா உக்காந்து பாக்குறவங்களுக்கு அந்தப் பெரிய யானையும் அதோட காலுக்கு நடுவுல நிக்கிற குட்டிங்களும், பக்கத்துலயே ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி தவம் பண்ற பூனையும் அத சுத்தி இருக்குற எலிங்களும்தான் மொதல்ல தெரியும். அம்மாவ அங்க அவசரப்படுத்தாதீங்க, அரை மணி நேரமாச்சும் விடுங்க, பாக்கப் பாக்க புதுசு புதுசா ஏதாச்சும் கண்ல படும். அங்கருந்து கொஞ்ச தூரத்துல வெண்ணெய் உருண்டைக் கல்லு, அதையும் ரோட்ல இருந்தே பாத்துக்கலாம்.

கடற்கரைக் கோயில்ல வாசல்ல இருந்து நீளமா பாதை போட்டிருக்காங்க, வண்டி உருளும், கோயில் கிட்ட வரைக்கும் போயிடலாம், ஆனா சன்னதிக்கு ஏறணும்னா படிதான். ஐந்து ரதத்துலதான் சிக்கல், உள்ள மணல். வீல்சேரோட முன் சக்கரம் ரெண்டும் சின்னது, முன்னாடி பாத்து தள்ளினா மண்ணுல புதைஞ்சு அப்படியே நின்னுடும், உக்காந்திருக்கவங்க முன்னாடி சாய்ஞ்சுடுவாங்க, அம்மாவுக்கு ஒரு பக்கம் புடிமானம் வேற கொறச்சலா இருக்கும். அதனால வண்டிய திருப்பி, கொஞ்சம் பின்பக்கமா சாய்ச்சு, முன் சக்கரத்த தரைல படாம தூக்கி, பெரிய சக்கரத்து மேலயே பின்னாடி இழுத்துட்டுப் போகணும், ரெண்டு பேர் வேணும், பெல்ட் போட்டுக்கணும். வீட்டு வாசல்ல ஒரு தடவ பழகிப் பாத்துட்டு வாங்க. ஒத்துவரலன்னா விட்டுடுங்க, வாசல் பக்கத்துல இருந்தே ரதங்க வரிசையா நிக்கிறது தெரியும்.

காலைல 6 மணிக்குத் தொறக்குறாங்க, அப்பவே போயிடுங்க. 11 மணிக்கு மேல கல்லும் சுடும், வண்டியோட இரும்புக் கைப்புடியும் சுடும், தொடு உணர்வு கொறஞ்ச கைன்னா சூடு தெரியாமலே தோல் வெந்துடும், ஒரு டவல சுத்தி வைங்க.

அப்புறம் டாய்லெட். இத யாரும் கேக்கவே மாட்டேங்குறாங்க, எனக்கு இதுதான் மொத கேள்வி. ஒரு கோட்டைல (பேரு வேணாம்) வீல்சேர் படம் போட்ட டாய்லெட் பாத்து சந்தோஷமாப் போனா பூட்டு தொங்குது, சாவி வச்சிருக்கவரு சாப்பிடப் போயிருக்காரு, அவர் வந்து தொறந்தா உள்ள தொடப்பம், பக்கெட், ஒடஞ்ச நாற்காலி, வண்டி திரும்ப இடமே இல்ல. அன்னைக்கு எனக்கு அழுகை வந்துடுச்சு. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் வெளிய போற நாள்ல தண்ணியே குடிக்காம போவேன், அது பெரிய தப்பு, உங்க அம்மாவுக்கு அத பண்ணிடாதீங்க. முன்கூட்டியே ஒரு ஹோட்டலுக்கு போன் பண்ணி "பாத்ரூம் கதவு எத்தன இன்ச் அகலம், வாசல்ல படி எத்தன"ன்னு கேட்டு, பகல்ல ரெண்டு மணி நேரத்துக்காச்சும் ரூம் போட்டுக்கோங்க. "வீல்சேர் வருமா"ன்னு மட்டும் கேட்டா எல்லாரும் வரும்னுதான் சொல்வாங்க, இன்ச் கேட்டாதான் டேப் எடுத்து அளப்பாங்க.

கேள்வி: செஞ்சிக் கோட்டை 2025ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துடுச்சு. ரோப் கார் போட்டாதானே என்னை மாதிரி கால் முடியாதவங்க பாக்க முடியும்? – வாசகர், விழுப்புரம்

அண்ணே, ஆசை நியாயமானதுதான், கோட்டையோட ராஜகிரி மலை 800 அடி உசரம், மேல இருந்து பாக்கணும்னு யாருக்குத்தான் தோணாது. ஆனா எனக்கு ரோப் காருக்கு முன்னாடி கேக்க வேண்டியது நெறைய இருக்கு. கல்யாண மஹால், குதிரை லாயம், தானியக் களஞ்சியம்னு அடிவாரத்துலயே அவ்வளவு இருக்கு, அதுக்கு நடுவுல வண்டியும் ஊன்றுகோலும் தடுக்காத மாதிரி சமமா ஒரு பாதை, 50 அடிக்கு ஒரு நெழல்ல உக்கார திண்ணை, பூட்டு இல்லாத டாய்லெட் இதெல்லாம் செஞ்சாலே பாதிக் கோட்டைய எல்லாரும் பாத்துடலாம். செலவும் கம்மி, மலையையும் தொட வேணாம்.

கேள்வி: நான் வரலாறு படிக்கிறேன். ஆயிரம் வருஷத்துக் கட்டிடத்துல ராம்ப் (சாய்வுப் பாதை) வச்சா அதோட பழமை கெட்டுடாதா? – மாணவி, தஞ்சாவூர்

கெடுற மாதிரி வச்சா கெடும். கெடாத மாதிரி வைக்க வழி இருக்கு, நம்ம நாட்டுலயே செஞ்சு காமிச்சிருக்காங்க. 2001 ஜனவரில, வீல்சேர்லயே இருந்த இயற்பியல் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லி வந்தப்ப, மாற்றுத்திறனாளி உரிமைக்காகப் போராடின ஜாவேத் அபிதி மாதிரி ஆளுங்க விடாம கேட்டதுல, குதுப் மினார்லயும், ஜந்தர் மந்தர்ங்கிற பழைய வானிலைக் கோள் ஆய்வு எடத்துலயும் தொல்லியல் துறை மரத்துல ராம்ப் போட்டுக் குடுத்துச்சு. கல்லுல ஒரு ஓட்ட போடல, வேணாம்னா எடுத்து வச்சிடலாம். ஒரு பெரிய விஞ்ஞானிக்கு சில நாள்ல முடிஞ்சது, சேலத்து அம்மாவுக்கு ஏன் இத்தன வருஷமாகுது? இந்த கோவம் எனக்கு இன்னும் போகல.

கிரீஸ் நாட்டு ஏதென்ஸ்ல, மலை மேல பழைய கோயிலுங்க இருக்குற அக்ரோபோலிஸ்ல 2020 டிசம்பர்ல புது லிஃப்ட் தொறந்தாங்க, மேல கான்கிரீட் பாதையும் போட்டாங்க. அந்தப் பாதையப் பத்தி தொல்லியல் ஆளுங்க நெறைய பேர் கடுமையா எதுத்து எழுதினாங்க. உங்க பயத்துக்கும் அடிப்படை இருக்குன்னு சொல்லத்தான் இத சொல்றேன். அதனாலதான் கழட்டி எடுக்குற மாதிரி மரமோ இரும்போ நல்லதுன்னு நெனைக்கிறேன். மெரினாலகூட 2022 நவம்பர்ல 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டாங்க, அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல சேதமாச்சு, சரி பண்ணினாங்க, இப்ப வீல்சேர்ல அல கிட்ட போக முடியுது. மொத தடவ என் கால்ல உப்புத்தண்ணி தெறிச்சது அங்கதான்.

ஒரு கணக்கு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. ஒரு அடி உசரம் ஏற 12 அடி நீளத்துக்கு ராம்ப் வேணும், ஆறு இன்ச் படி மூணுன்னா 18 அடி. நெறைய இடத்துல மூணு படி மேல அஞ்சு அடிக்கு ஒரு பலகைய சாய்ச்சு வச்சுட்டு ராம்ப்னு எழுதிடுறாங்க, அதுல ஏறினா வண்டி பின்னாடி கவுந்துடும்.

சட்டமும் நம்ம பக்கம்தான் இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஏற்கனவே இருக்குற பொதுக் கட்டிடங்கள சரி பண்ண குடுத்த அஞ்சு வருஷ கெடு 2022லயே முடிஞ்சிடுச்சு, 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் கட்டாயமான தர விதிங்கள கொண்டு வாங்கன்னு மத்திய அரசுக்கு சொல்லிடுச்சு. ஒரு எடத்துல தடுக்குதுன்னா போட்டோ எடுத்து, படி எத்தன, உசரம் எவ்வளவுன்னு அளந்து எழுதி தொல்லியல் துறைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் அனுப்புங்க. வரலாறு படிக்கிற பொண்ணு அளந்து அனுப்பினா அத ஒதுக்க முடியாது.

கேள்வி: எனக்குப் பார்வை கிடையாது. நண்பர்கள் கூப்பிடுறாங்க, ஆனா சிற்பத்தத் தொடக் கூடாதுன்னா நான் எதுக்குப் போகணும்? – வாசகர், மதுரை

தம்பி, இந்தக் கேள்வி என்னை ரெண்டு நாள் தூங்க விடல. தொட்டுத் தொட்டு கல்லு தேயும், கை எண்ணெய் படியும்னு துறை சொல்றது சரிதான், ஆனா அப்ப பக்கத்துலயே அதே அளவுக்கு ஒரு நகல் செஞ்சு வைக்கணும், பிரெய்ல் பலகை வைக்கணும். பல எடத்துல அது இன்னும் இல்ல.

ஆனா நீங்க மாமல்லபுரம் போங்க. அங்க 1957ல இருந்து அரசு சிற்பக் கல்லூரி இருக்கு, ஊருக்குள்ள தெருவுக்குத் தெரு சிற்பக்கூடம், உளிச் சத்தம் கேட்டு நீங்களே கண்டுபுடிச்சிடலாம். உள்ள போயி "அண்ணே, எனக்குக் கண்ணு தெரியாது, தொட்டுப் பாக்கலாமா"ன்னு கேளுங்க. என்கூட ஒரு தடவ பார்வையில்லாத நண்பர் வந்தாரு, அங்க இருந்த ஸ்தபதி அவர் கையப் புடிச்சு மொதல்ல சும்மா ஒடச்ச கல்லு மேல வச்சாரு, அடுத்து உளி ஓடின சொரசொரப்பு மேல, அடுத்து பாதி முடிஞ்ச நந்தியோட திமில் மேல, கடைசில பாலிஷ் போட்ட புள்ளையார் வயித்து மேல. நண்பர் திரும்பத் திரும்ப அந்தத் திமிலுக்கே கையக் கொண்டு போனாரு. ஒரு மணி நேரம் ஆச்சு எங்களுக்கு அங்கருந்து கெளம்ப.